ஃபிராப்பே (மென்பொருள் நிறுவனம்)

ஃபிராப்பே டெக்னாலஜீஸ் என்பது மும்பையைத் தலைமையிடமாகக் கொண்ட ஓர் இந்திய மென்பொருள் நிறுவனம் ஆகும். இது 2008 ஆம் ஆண்டு ருஷப் மேத்தா என்பவரால் வெப் நோட்ஸ் டெக்னாலஜீஸ் என்ற பெயரில் தொடங்கப்பட்டது. ஈஆர்பிநெக்ஸ்ட் என்னும் வணிக மேலாண்மை மென்பொருளும், அதற்கு அடித்தளமான ஃபிராப்பே பிரேம்வொர்க் என்னும் குறைநிரல் கட்டமைப்பும் இதன் முதன்மையான படைப்புகளாகும். இரண்டின் மூலநிரலும் கட்டற்ற உரிமங்களில் வெளியிடப்பட்டுள்ளது. மூலநிரலை எவரும் விலையின்றி எடுத்துக்கொள்ளலாம் என்ற நிலையில் ஒரு துவக்க நிறுவனம் எதை விற்று வாழ்வது என்ற கேள்விக்கு, இந்தியாவிலிருந்து காட்டத்தக்க விடைகளுள் இது குறிப்பிடத்தக்கது.

வரலாறு

மேத்தாவின் குடும்பத்தினர் அறைகலன் தொழில் நடத்தி வந்தனர். அத்தொழிலுக்கு வணிக மேலாண்மை மென்பொருள் ஒன்றை நிறுவ மேற்கொண்ட முயற்சி தோல்வியுற்றது. இதனால் அவர் தாமே அத்தகைய மென்பொருள் ஒன்றை எழுத முற்பட்டார். கொள்முதல், இருப்பு, கணக்கு, சம்பளம் என ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாக நிரல் எழுதிக்கொண்டு போனால் பணி முடிவுறாது. எனவே, படிவம் எவ்வாறு இருக்க வேண்டும் என்ற விவரத்தையே தரவாகத் தரவுத்தளத்தில் இட்டு, அதிலிருந்து படிவத்தைத் தோற்றுவிக்கும் முறை கையாளப்பட்டது. இம்முறையே பின்னர் தனிக் கட்டமைப்பாக வளர்ந்தது.

நிறுவனம் நெடுங்காலம் துணிகர முதலீடு எதுவும் இன்றியே இயங்கியது. 2020 ஆம் ஆண்டு, பங்குத் தரகு நிறுவனமான செரோதாவின் ரெயின்மேட்டர் பிரிவு இதில் முதலீடு செய்தது. செரோதா தன் உள்ளலுவலகப் பணிகளுக்கு ஈஆர்பிநெக்ஸ்டைப் பயன்படுத்தி வரும் நிறுவனம் ஆகும். பயன்படுத்துபவரே முதலீட்டாளராகவும் ஆனது இங்கு கவனிக்கத்தக்கது.

குறைநிரல் செயல்படும் முறை

குறைநிரல் என்பது நிரல் வரிகளை மிகக் குறைவாக எழுதி, எஞ்சியவற்றைப் படிவங்களாலும் விதிகளாலும் அமைக்கும் முறையாகும். ஃபிராப்பேயில் இதன் அடிப்படை அலகு 'டாக்டைப்' எனப்படுகிறது.

எடுத்துக்காட்டாக, சென்னை திருவல்லிக்கேணியில் வேலை தேடி வருவோரும் தேர்வுக்குப் படிப்போரும் தங்கும் மேன்சன் ஒன்றைக் கொள்வோம். அதன் மேலாளர் பேரேட்டில் எழுதி வரும் செய்திகள் சிலவே: தங்குபவர் பெயர், அறை எண், சேர்ந்த நாள், முன்பணம், வாடகை செலுத்த வேண்டிய நாள். இவற்றைப் புலங்களாகக் கொண்டு திரையிலேயே ஒரு டாக்டைப் உருவாக்கினால், தரவுத்தள அட்டவணை, உள்ளீட்டுப் படிவம், பட்டியல், அணுக்க உரிமைகள், பிற மென்பொருள்கள் தொடர்பு கொள்வதற்கான இடைமுகம் ஆகிய அனைத்தும் தாமாகவே அமைந்துவிடும். வாடகை நாள் கடந்து மூன்று நாள்களாகியும் பணம் வராவிடில் நினைவூட்டு மடல் அனுப்புமாறு ஓர் அறிவிப்பு விதியை அமைக்கலாம். முன்பணத்தைத் திருப்பித் தருவதற்கு முன் உரிமையாளரின் ஒப்புதல் வேண்டும் என்றால் அதனை ஒரு பணிப்பாய்வாக வரையலாம். இதுவரை ஒரு வரி நிரலும் தேவைப்படவில்லை.

மாதத்தின் நடுவில் அறையைக் காலி செய்பவருக்கு எத்தனை நாள் வாடகை என்பது போன்ற கணக்கு வரும்போதுதான் நிரல் தேவைப்படும். அதனைப் பைத்தான் மொழியில் சில வரிகளாக உலாவியிலிருந்தே எழுதலாம். ஆனால், வழங்கியில் இயங்கும் நிரலை உலாவியிலிருந்து எழுத விடுவது பாதுகாப்புச் சிக்கலுக்கு இடமளிக்கும். ஆகவே 15 ஆம் பதிப்பிலிருந்து இவ்வசதி இயல்பாக முடக்கப்பட்டே வருகிறது. வேண்டுவோர் தாமே இயக்கிக்கொள்ள வேண்டும். குறைநிரல் கருவிகள் எல்லாவற்றுக்கும் உள்ள எல்லை இது: எளிமை முடியும் இடத்தில் நிரலர் ஒருவர் தேவைப்படுகிறார்.

பயனர் சேர்க்கும் புலங்கள் மூலநிரலில் அல்லாமல் தரவுத்தளத்தில் சேமிக்கப்படுவதால், புதிய பதிப்புக்கு மாறும்போது அவை அழிவதில்லை. மூலநிரலையே திருத்தியவர்கள் ஒவ்வொரு பதிப்பிலும் அத்திருத்தங்களை மீண்டும் இணைத்துப் பார்க்க வேண்டியிருக்கும்.

வருவாய்

ஃபிராப்பேயின் வருவாய் மூலநிரலிலிருந்து அன்று, அதனை இடைவிடாது இயங்கச் செய்யும் பொறுப்பிலிருந்து வருகிறது. காப்புநகல் எடுத்தல், பதிப்பை உயர்த்துதல், பாதுகாப்புத் திருத்தங்களை இடுதல் ஆகியவற்றைச் சிறு தொழில் நடத்துவோர் தாமே செய்வது அரிது. இப்பணிகளை ஃபிராப்பே கிளவுட் என்னும் மேகக் கணிமைச் சேவை கட்டணத்துக்குச் செய்கிறது. கட்டணம் பயனர் எண்ணிக்கையைப் பொறுத்ததன்று; பயன்படுத்தும் கணிமை வளத்தைப் பொறுத்தது. ஐம்பது ஊழியர் உள்ள இடத்தில் ஐம்பதின்மரும் பயன்படுத்த இது வழிவிடுகிறது. இச்சேவையை நடத்தும் மென்பொருளின் மூலநிரலும் திறந்தே வைக்கப்பட்டுள்ளது.

வாடிக்கையாளர் இடத்தில் மென்பொருளை நிறுவி, பழக்கிக் கொடுக்கும் பணியில் கூட்டாளி நிறுவனங்கள் பல ஈடுபட்டுள்ளன. இதில் ஓர் இடர் உண்டு. கூட்டாளியாகப் பதியாத ஒருவரும் அதே மூலநிரலை நிறுவிக் கொடுத்துப் பணம் பெறலாம். அவர் ஃபிராப்பேக்கு எதையும் தர வேண்டியதில்லை. எனினும் அத்தகையோரால்தான் மென்பொருள் சிற்றூர்கள் வரை சென்று சேர்கிறது என்பதையும் மறுக்க இயலாது. 2017 சூலையில் சரக்கு மற்றும் சேவை வரி நடைமுறைக்கு வந்தபோது பட்டியலிடும் முறையை எல்லாத் தொழில்களும் மாற்றிக்கொள்ள நேர்ந்தது. இவ்வாறு சட்டம் மாறும்தோறும் மென்பொருளையும் உடன் மாற்றித் தரும் உழைப்புக்கே உண்மையான விலை உள்ளது.

உரிமமும் பிற நிறுவனங்களும்

ஈஆர்பிநெக்ஸ்ட் குனூ பொதுமக்கள் உரிமத்தின் 3 ஆம் பதிப்பிலும், ஃபிராப்பே பிரேம்வொர்க் எம்.ஐ.டி. உரிமத்திலும் வெளியிடப்படுகின்றன. கட்டணம் செலுத்துவோர்க்கு மட்டும் எனத் தனிப் பதிப்பு எதுவும் இல்லை. பெல்ஜியத்தின் ஓடூ நிறுவனம் 2015 இல் வேறு வழியை மேற்கொண்டது. அடிப்படைப் பகுதியை மட்டும் திறந்து வைத்து, கூடுதல் வசதிகளை மூடிய பதிப்பாக விற்கத் தொடங்கியது.

பெர்லினில் ஜான் ஓபர்ஹவுசர் 2019 இல் தொடங்கிய என்8என், பல்வேறு சேவைகளை இணைத்துப் பணிகளைத் தன்னியக்கமாக்கும் கருவியாகும். தொடக்கத்தில் இது அப்பாச்சி உரிமத்துடன், மென்பொருளை விற்பதைத் தடுக்கும் நிபந்தனை ஒன்றையும் சேர்த்து வெளியானது. அந்நிபந்தனை இருக்கும்போது இதனைத் திறந்த மூலம் என்று அழைக்கலாமா என்ற எதிர்ப்பு எழுந்ததால், நிறுவனம் 'நியாய நிரல்' என்ற புதிய பெயரைக் கைக்கொண்டது. 2022 இல் தனக்கெனத் தனி உரிமம் ஒன்றையும் இயற்றியது. எவரும் மூலநிரலைப் படிக்கலாம், தம் நிறுவனத்துக்குள் பயன்படுத்தலாம். அதனையே சேவையாக விற்க இயலாது. 2025 அக்டோபரில் இந்நிறுவனம் 250 கோடி டாலர் மதிப்பீட்டில் 18 கோடி டாலர் முதலீடு பெற்றது. முதலீட்டாளர்களின் நோக்கில் இவ்வழி வென்றதாகவே கொள்ளலாம். ஆனால் அதனை நிறுவித் தருவதோடு நில்லாது தாமே சேவையாக நடத்த விரும்பும் உள்ளூர்த் தொழில்முனைவோர்க்கு அங்கு இடமில்லை.

தமிழ்நாட்டில்

சென்னையில் குறைநிரல் கருவிகளுக்குப் பழைய மரபு உண்டு. அட்வென்ட்நெட் (பின்னாளில் சோகோ) 2006 இல் கிரியேட்டர் என்னும் கருவியையும், ஆரஞ்சுஸ்கேப் நிறுவனம் 2012 இல் கிஸ்ஃபுளோ என்னும் பணிப்பாய்வுக் கருவியையும் வெளியிட்டன. இரண்டும் மூடிய மூலநிரல் கொண்டவை. மாதச் சந்தாவில் பெறத்தக்கவை. சந்தாவை நிறுத்தினால் தரவை வெளியே எடுத்துக்கொள்ளலாமே தவிர, கருவியைத் தொடர்ந்து இயக்க முடியாது. கட்டற்ற கருவியில் நிறுவனமே மூடப்பட்டாலும் மேற்கூறிய மேன்சனின் பேரேடு தொடர்ந்து இயங்கும். அதனைப் பராமரிக்கத் தெரிந்த ஒருவர் கிடைக்க வேண்டும் என்பதே தேவை.

ஈஆர்பிநெக்ஸ்டின் இடைமுக மொழிகளுள் தமிழும் ஒன்று. மொழிபெயர்ப்பு இன்னும் சீர்படவில்லை. திருத்தங்களை எவரும் அனுப்பலாம்.