செல்லுலோஸ் சிதைவு: ஓசூர்–கிருஷ்ணகிரி மண்ணில்

குளுக்கோஸ் மூலக்கூறுகள் ஆயிரக்கணக்கில் பீட்டா-1,4 பிணைப்பால் கோத்த சங்கிலியே செல்லுலோஸ். தாவரச் செல்சுவரின் முதன்மைப் பொருள் இது. கிருஷ்ணகிரி மாவட்டச் செம்மண்ணில் ராகி அடித்தாளாகவும் மாஞ்சருகாகவும் மல்பெரிக் குச்சியாகவும் ஆண்டுதோறும் சேர்கிறது. ஓசூர்த் தொழிற்பேட்டைகளிலிருந்து அட்டைப்பெட்டிக் கழிவாகவும் வெளிவருகிறது. இவை மட்காமல் கிடந்தால் மண்ணில் நுண்ணுயிர் இல்லை என்று முடிவு கட்டி, நுண்ணுயிர்க் கரைசல் வாங்கித் தெளிப்பது வழக்கமாகிவிட்டது. அந்த முடிவு பெரும்பாலும் தவறு. பற்றாக்குறை தழைச்சத்திலும் (நைட்ரஜன்) ஈரத்திலும்தான்.

டிரைக்கோடெர்மா, கீட்டோமியம் போன்ற பூஞ்சைகளும் செல்லுலோமோனாஸ், சைட்டோஃபாகா போன்ற பாக்டீரியாக்களும் செல்லுலோஸை உண்பவை. ஈரமண்ணில் வடிதாளைப் புதைத்து வைத்தால், சைட்டோஃபாகா படர்ந்த இடம் மஞ்சளாகிக் குழகுழத்துப் போவது கண்ணுக்கே தெரியும். சங்கிலி முழுசாக நுண்ணுயிரின் உடலுக்குள் நுழையாது. ஆகவே பூஞ்சைகள் நொதிகளை வெளியே சுரக்கின்றன. எண்டோகுளுக்கனேஸ் சங்கிலியை நடுவே வெட்டும். செல்லோபயோஹைட்ரோலேஸ் நுனியிலிருந்து இரண்டிரண்டு குளுக்கோஸாகக் கழற்றும். பீட்டா-குளுக்கோசிடேஸ் அந்த இரட்டையைப் பிரிக்கும். நொதி என்பது புரதம். புரதத்துக்குத் தழைச்சத்து வேண்டும். செல்லுலோஸிலோ நைட்ரஜன் அணு ஒன்றுகூட இல்லை. கார்பனும் நைட்ரஜனும் ஏறத்தாழ 24:1 என்ற விகிதத்தில் இருந்தால் நுண்ணுயிருக்குப் போதும். அட்டையில் அது நூற்றுக்கணக்கில் ஏறிவிடும். குறையை நுண்ணுயிர் மண்ணிலிருந்தே எடுத்துக்கொள்கிறது. அடித்தாளை மடக்கி உழுத உடனே விதைத்த பயிர் சில வாரம் வெளிறி நிற்பதற்குக் காரணம் இதுதான். நுண்ணுயிர் இல்லாத மண்ணில் தழைச்சத்துக்கான இந்தப் போட்டியே எழாது.

தென்னை நார்க்கழிவு காளான் வித்து சேர்த்தால்தானே மட்குகிறது என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. நார்க்கழிவில் லிக்னின் மிகுதி. அது செல்லுலோஸை மூடி நிற்பதால், லிக்னினைச் சிதைக்கும் சிப்பிக்காளான் அங்கே உண்மையிலேயே உதவுகிறது. ஆனால் காளான் வித்து சேர்க்கும் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழக முறையில் டன்னுக்கு 5 கிலோ யூரியாவும் சேர்க்கிறார்கள், குவியலை ஈரமாகவே வைக்கிறார்கள். வித்துக்கு மட்டும் பெருமை தருவது சரியல்ல. ராகித் தாளில் லிக்னின் அவ்வளவு இல்லை. மழை ஈரத்தில் சாணக் கரைசலோடு மடக்கி உழுதால் அங்குள்ள உயிர்களே வேலையை முடிக்கும். கோடையில் காய்ந்த மண்மேல் எதைத் தெளித்தாலும் பயனில்லை; நீர்ப்படலம் இல்லாமல் நொதி நகராது. பிளாஸ்டிக் பூசிய அட்டை இந்தக் கணக்கில் சேராது. பூச்சு நீரைத் தடுப்பதால், அதை உரிக்கும்வரை உள்ளிருக்கும் செல்லுலோஸை நொதி எட்டுவதில்லை.