கணக்கு வரைந்த கப்பல்

இன்று கணினியிடம் கொஞ்சம் எண்களையும் ஒரு விதியையும் கொடுத்தால் போதும், அதுவே படம் வரைந்து தந்துவிடும். அந்தப் படத்தை விற்று நல்ல காரியத்துக்குப் பணம் திரட்டுகிறவர்களும் உண்டு. ஆனால் எண்ணும் விதியும் சேர்ந்து படம் வரைவது கணினிக்கு ரொம்பவே முந்திய சமாச்சாரம். 1789-ல் இங்கிலாந்தில் அப்படி ஒரு படம் வந்தது. பெயர் ப்ரூக்ஸ். அது ஒரு அடிமைக் கப்பல்!

அடிமை வணிகத்தை ஒழிக்க 1787 மே மாதம் லண்டனில் 12 பேர் சேர்ந்து ஒரு சங்கம் தொடங்கினார்கள். அவர்களில் 9 பேர் குவேக்கர்கள். நன்கொடையில் நடந்த சங்கம். அதற்குத் தகவல் திரட்டித் தந்தவர் தாமஸ் கிளார்க்சன். துறைமுகம் துறைமுகமாக அலைந்து மாலுமிகளை விசாரித்து, கணக்குகளைச் சேர்த்தார்.

1788-ல் டால்பென் என்ற எம்.பி. கொண்டுவந்த சட்டம் நிறைவேறியது. கப்பலின் டன் கொள்ளளவுக்கு ஏற்பத்தான் அடிமைகளை ஏற்ற வேண்டும் என்றது அது. முதல் 201 டன் வரை 3 டன்னுக்கு 5 பேர், அதற்கு மேல் டன்னுக்கு ஒருவர். ப்ரூக்ஸ் 320 டன் கப்பல். காமர்ஸ் மாணவர்கள் ஒரு நிமிடம் கணக்குப் போட்டுப் பாருங்கள்: 201 டன்னுக்கு 335 பேர், மீதி 119 டன்னுக்கு 119 பேர். ஆக மொத்தம் 454.

லிவர்பூலில் கப்பல்களை அளந்துவர அரசு அனுப்பிய கேப்டன் பாரியின் அளவுகள் கையில் இருந்தன. ஆளுக்கு எவ்வளவு இடம் என்பதற்கும் ஒரு விதி வைத்துக்கொண்டார்கள். ஆணுக்கு 6 அடி நீளம், 1 அடி 4 அங்குல அகலம். பெண்ணுக்கு 5 அடி 10 அங்குலம், அதே அகலம். சிறுவனுக்கு 5 அடிக்கு 1 அடி 2 அங்குலம். சிறுமிக்கு நாலரை அடிக்கு 1 அடி. இந்த அளவில் மனித உருவங்களைத் தளத்தில் அடுக்கிக்கொண்டே போனால் படம் தயார். ப்ளிமத் ஊர்க் குழு முதலில் ஒரு தளத்தை மட்டும் வரைந்தது. லண்டன் குழு அதையே விரித்து, குறுக்குவெட்டு, பக்கத் தோற்றம் என்று கப்பல் முழுவதையும் காட்டியது.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று. இதே கப்பல் சட்டத்துக்கு முன்பு ஒரு பயணத்தில் ஏற்றியது 609 பேரை: 351 ஆண்கள், 127 பெண்கள், 90 சிறுவர்கள், 41 சிறுமிகள். நினைத்திருந்தால் அதை வரைந்திருக்கலாம். வரையவில்லை. சட்டம் அனுமதித்த அளவை ஒட்டியே வரைந்தார்கள். அதற்கே தளத்தில் கால் வைக்க இடமில்லை! மிச்சம் 150-க்கும் மேற்பட்டவர்கள் எங்கே கிடந்திருப்பார்கள் என்பதைப் பார்க்கிறவரே யோசிக்க வேண்டும். மிகைப்படுத்திவிட்டார்கள் என்று வணிகர்கள் வாய் திறக்க முடியாது, ஏனென்றால் எண்கள் அரசாங்கத்தினுடையவை. படத்தின் பலமே அதுதான்.

அச்சடித்த பிரதிகள் வீடுகளிலும் விடுதிகளிலும் சுவரில் தொங்கின. அதே ஆண்டு கிளார்க்சன் அதை பாரிஸுக்குக் கொண்டுபோனார். மிராபோ அதைப் பார்த்து மரத்தில் ஒரு சிறு கப்பலே செய்யச் சொன்னார்.

குறையும் உண்டு. அந்த உருவங்கள் எல்லாம் ஒரே அச்சு. பெயர் கிடையாது. கப்பல்காரன் தன் பேரேட்டில் எப்படிப் பார்த்தானோ அப்படியேதான் படமும் அவர்களைக் காட்டுகிறது. நல்லவேளை, தன்னை ஆப்பிரிக்காவிலிருந்து கடத்தப்பட்டவர் என்று சொன்ன ஒலாவுடா எக்வியானோவின் சுயசரிதையும் அதே 1789-ல் வெளிவந்தது. படத்தில் இல்லாத குரல் அதில் இருந்தது.

ஆனாலும் நாடாளுமன்றம் உடனே மசியவில்லை. 1791-ல் வில்பர்ஃபோர்ஸின் தீர்மானம் 163-க்கு 88 என்று தோற்றது. அடிமை வணிகத் தடை 1807-ல்தான் வந்தது. ஏற்கெனவே அடிமைகளாக இருந்தவர்களுக்கு இன்னும் தாமதம், 1833-ல்தான் சட்டம். அப்போதும் ஒரு கணக்குப் போட்டார்கள். நஷ்டஈடு 2 கோடி பவுண்டு. முழுவதும் முதலாளிகளுக்கு. அடிமைகளுக்கு ஒரு பென்னி கூட இல்லை.