எட்டுப் பவுண் கிற்றாரும் மெட்டிழந்த கழுத்தும்

கடந்த மாதம் என் பழைய நண்பர் ஒருவரின் மகன் வீட்டுக்கு வந்திருந்தான். தோளில் ஒரு பேஸ் கிற்றார் தொங்கியது. விலை குறைந்தது, பலகை பாரமற்றது, அதன் ஒலியோ மண்சட்டியைத் தட்டியது போன்றிருந்தது. “மாமா, இதுக்கு நல்ல பிக்கப் போட்டுத் திருத்திறதோ, இல்லாட்டி வித்துப்போட்டு நல்லதொண்டு வாங்கிறதோ?” என்று கேட்டான்.

இசைக்கருவிகளைப் பற்றித் தீர்ப்புக் கூறும் தகுதி எனக்கில்லை. ஆனால், திருத்துவதா புதிதாக எழுதுவதா என்பது பத்திரிகை அலுவலக மேசையில் நாற்பது வருடங்களாக நான் எதிர்கொண்ட கேள்வி. எனவே அவனுக்கு மறுமொழி கூறுவதற்குப் பதிலாக ஒரு வரலாற்றைச் சொன்னேன். அதையே இங்கு சற்று விரிவாகத் தருகிறேன்.

பேஸ் கிற்றார் அப்படியொன்றும் பழைய கருவியல்ல. அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில் லியோ பெண்டர் என்பவர் தமது ‘பிரிசிஷன் பேஸ்’ என்ற கருவியைச் சந்தைக்குக் கொண்டுவந்தது 1951 ஆம் ஆண்டில். அதற்கு முன்னர் ஆளுயரமான டபிள் பேஸையே கலைஞர்கள் சுமந்து திரிந்தனர். அதில் மெட்டுகள் இல்லை. விரல் சற்றுப் பிசகினாலும் சுரம் பிசகிவிடும். பெண்டர் வீணையில் இருப்பது போன்ற மெட்டுகளைக் கழுத்தில் பதித்தார். சுரம் துல்லியமாக விழுந்தது. துல்லியம் என்ற பொருளிலேயே அதற்குப் பெயரும் சூட்டினார்.

ஆனால் அந்தக் கருவி பிரித்தானிய இளைஞர்களின் கைக்கு எளிதில் எட்டவில்லை. போருக்குப் பிந்திய டொலர்த் தட்டுப்பாட்டினால் அமெரிக்க இசைக்கருவிகளின் இறக்குமதியை அந்நாடு 1951 முதல் கட்டுப்படுத்தியிருந்தது. அத்தடை நீங்கியது 1959 இல்தான். நீங்கிய பின்னரும் விலை குறுக்கே நின்றது. ஒரு பெண்டர் பேஸ் ஏறத்தாழ 100 பவுண் என்று பீற்றில்ஸ் குழுவின் போல் மக்கார்ட்னி பின்னாளில் நினைவுகூர்ந்திருக்கிறார். 1961 இல் ஒரு பிரித்தானியத் தொழிலாளியின் சராசரி வாரச் சம்பளம் ஏறத்தாழ 15 பவுண். ஒன்றரை மாதம் உண்ணாமலும் வாடகை கொடாமலும் இருந்தால் ஒரு கிற்றார் வாங்கலாம்!

கடன்படக்கூடாது என்று தந்தையார் ஓயாது புகட்டியிருந்தபடியால், மக்கார்ட்னி அந்த ஆண்டில் ஹம்பேர்க் நகரில் ஏறத்தாழ 30 பவுணுக்கு ஜெர்மனியத் தயாரிப்பான ஹொவ்னர் பேஸ் ஒன்றை வாங்கினார். வயலின் வடிவில் இருபுறமும் ஒத்திருந்ததால் இடக்கைக்காரரான அவர் அதைத் திருப்பிப் பிடித்தாலும் அவலட்சணமாகத் தோன்றவில்லை. மலிவான அந்த வாங்குதல் பிற்காலத்தில் ஓர் அடையாளமாகவே மாறியது.

எனினும் என் கதாநாயகர் அவரல்லர். வில்லியம் பேர்க்ஸ் என்ற இலண்டன்வாசி. பின்னர் பில் வைமன் என்ற பெயரில் உலகறிந்தவர். விமானப் படையில் சேவை முடித்து, 1959 இல் திருமணமும் செய்து, சாதாரண வேலையொன்றில் இருந்தவர். 1961 இல் எய்ல்ஸ்பரி நகரில் ‘பரன் நைட்ஸ்’ என்ற குழுவின் நிகழ்ச்சியைக் கேட்டபோது, பேஸ் கிற்றாரின் ஆழ்ந்த ஒலி அவரை ஆட்கொண்டது. அதுவரை சாதாரண கிற்றார் வாசித்தவர், இனி இதுவே என் கருவி எனத் தீர்மானித்தார். பணந்தான் இல்லை.

எட்டுப் பவுண் கொடுத்துப் பழைய ‘டல்லஸ் ரக்சிடோ’ பேஸ் ஒன்றை வாங்கினார். அது மட்டமான கருவி என்பதில் அவருக்கே ஐயமிருக்கவில்லை. பெரியதாகத் தோன்றிய உடற்பலகையில் தாம் விரும்பிய உருவத்தை வரைந்து, அறுத்து, ஓரங்களை இழைத்துச் சிறிதாக்கினார். பழைய பிக்கப்பை அகற்றிப் புதியதைப் பொருத்தினார். தேய்ந்து கடகடத்த மெட்டுகளையும் பிடுங்கினார். புதிய மெட்டுகளை வாங்கிப் பதிப்பதே அவருடைய எண்ணம். ஆனால் மெட்டற்ற கழுத்தில் தந்திகளை ஏற்றி வாசித்தபோது, டபிள் பேஸை நினைவூட்டும் வழுவழுப்பான, வட்டமான ஒலி பிறந்தது. புதிய மெட்டுகள் பதிக்கப்படவேயில்லை. மெட்டுள்ள வீணைக்கும் மெட்டற்ற கோட்டுவாத்தியத்துக்கும் உள்ள வேறுபாட்டை அறிந்த நம்மவர்க்கு இதனை விளக்கத் தேவையில்லை.

மெட்டற்ற பேஸ் கிற்றாரை ‘அம்பெக்’ நிறுவனம் 1966 இல்தான் விற்பனைக்குக் கொண்டுவந்தது. பெண்டர் நிறுவனமோ 1970 வரை காத்திருந்தது. எட்டுப் பவுண் கருவி ஐந்து வருடங்கள் முந்திக்கொண்டது. றோலிங் ஸ்ரோன்ஸ் குழுவின் ஆரம்பகால ஒலிப்பதிவுகளில் ஒலித்ததும் அதுவே.

இவ்விடத்தில் பலரும் கவனியாது விடுகின்ற ஒரு செய்தி உண்டு. 1962 டிசெம்பரில் செல்சியிலுள்ள மதுச்சாலையொன்றில் ஸ்ரோன்ஸ் குழுவினரின் முன் வைமன் தேர்வுக்குச் சென்றபோது, அவர்களைக் கவர்ந்தது அவருடைய கிற்றாரைவிட அவர் கொண்டுவந்திருந்த ‘வொக்ஸ்’ ஒலிபெருக்கியே என்று சொல்லப்படுவதுண்டு. கிற்றாரில் மிச்சம்பிடித்தவர் ஒலிபெருக்கியில் மிச்சம்பிடிக்கவில்லை. பேஸ் கிற்றாரின் ஆகத் தாழ்ந்த தந்தி செக்கனுக்கு ஏறத்தாழ 41 தடவை மட்டுமே அதிர்கிறது. சிறிய ஒலிபெருக்கியால் அந்த ஒலியை உள்ளவாறு எழுப்ப முடியாது. கருவியைக் குறைகூறுவோரில் பாதிப்பேர் உண்மையில் குறைகூற வேண்டியது பெட்டியைத்தான் என்பது என் எண்ணம்.

திருத்துதல் ஏழைகளின் வழி மட்டுமன்று. அமெரிக்கரான ஜாகோ பஸ்ரோரியஸ் வைத்திருந்தது 1962 ஆம் ஆண்டின் அசல் பெண்டர் ஜாஸ் பேஸ். அவரும் மெட்டுகளை அகற்றி, பள்ளங்களை நிரப்பி, படகுகளுக்குப் பூசும் எப்பொக்சியைக் கழுத்திற் பூசினார். 1976 இல் வெளிவந்த அவரது முதல் இசைத்தட்டு பேஸ் வாசிப்பின் போக்கையே மாற்றியது. 1986 இல் நியூயோர்க்கில் அக்கருவி களவுபோனது. மறு வருடமே அவரும் காலமானார். மோட்டவுன் நிறுவனத்தின் ஜேம்ஸ் ஜேமர்சனோ நேரெதிர். நல்ல பிரிசிஷன் பேஸை வைத்துக்கொண்டு, தந்திகளைக்கூட மாற்ற விரும்பாதவர்.

நம் நாட்டிலும் 1970 முதல் 1977 வரையான இறக்குமதிக் கட்டுப்பாட்டுக் காலத்தில் வாழ்ந்தோருக்கு வைமனின் நிலை புரியும். எங்கள் ஊர் மெல்லிசைக் குழுவில் பேஸ் வாசித்த அண்ணர் ஒருவர், ஒலி மங்கிய தந்திகளைக் கழற்றிப் பானையில் இட்டு அவிப்பார். அழுக்கு நீங்கிச் சில நாட்களுக்கு ஒலி தெளிவாக இருக்கும். சோற்றுப் பானையைப் பாழாக்கியதற்காகத் தாயாரிடம் ஏச்சும் வாங்குவார். புதிய தந்தி வாங்குவதா என்ற கேள்வியே அவருக்கு எழவில்லை. வாங்க எதுவும் இருக்கவில்லை.

நண்பரின் மகனுக்கோ இரண்டு வழிகளும் திறந்திருக்கின்றன. அதனாலேயே அவனுக்குக் குழப்பம். கிற்றாரின் கழுத்தைத் தச்சர்கள் பலகை பார்ப்பது போலக் கண்ணோடு ஒட்டிப் பிடித்துப் பார்க்கச் சொன்னேன். பிக்கப், பிரடை, தந்தி யாவும் மாற்றத்தக்கவை. பிக்கப்பையும் பிரடையையும் பழைய கருவியை விற்கும்போது கழற்றி அடுத்ததில் பொருத்தியும் கொள்ளலாம். கழுத்து முறுகியிருந்தால் மட்டும், அதில் இடும் பணம் பெரும்பாலும் வீண். முறுகலின்றி வெறுமனே வளைந்திருந்தால், உள்ளே ஓடும் இரும்புக் கம்பியைத் திருகி ஓரளவு நிமிர்த்திவிடலாம்.

அவனுடைய கருவியின் கழுத்து நேராகவே இருந்தது. தந்திகள் பழையவை, வாசிக்கும் பெட்டியோ ஒரு பாடசாலைப் பைக்குள் அடங்கும் அளவு. முதலில் தந்திகளை மாற்று, பின்னர் சேர்த்த பணத்தைப் பெட்டியில் இடு என்றேன்.

“மெட்டுகளையும் பிடுங்கப் போகிறாயோ?” என்று விளையாட்டாகக் கேட்டேன்.

“இப்ப வேண்டாம் மாமா. முதலிலை சுரம் பிடிபடட்டும்” என்றபடி கிற்றாரை உறையில் இட்டான்.