இல்லத்துத் திருமணி

இறைவழிபாட்டிற்குரிய கருவிகள் எனச் சான்றோர் வகுத்தவற்றுள் மணியும் ஒன்று. தீபம் கண்ணுக்கு உரியது. தூபம் நாசிக்கு உரியது. மலரும் நீரும் கைக்கு உரியன. மணியோ செவிக்கு உரியது. திருக்கோயிலில் அது கண்டாமணியாய் உயரத் தொங்கி ஊரை அழைக்கின்றது. இல்லத்துப் பூசையறையில் கைமணியாய் அடங்கியிருந்து ஒரு குடும்பத்தை அழைக்கின்றது. அளவில் வேறுபடினும் இரண்டிற்கும் தொழில் ஒன்றே. திருக்கோயில் கும்பாபிஷேகம் காணும் இந்நன்னாளில், கோயில் மணிக்கும் இல்லத்து மணிக்கும் உள்ள உறவை வரலாற்றின் வழியே நினைந்து பார்ப்பதும், இல்லத்திற்கு ஒரு மணியைத் தேர்ந்து எழுந்தருளச் செய்யும் முறையை அறிந்துகொள்வதும் அன்பர்களுக்குப் பயன் தருவனவாகும்.

தமிழர் வாழ்வில் மணியின் ஓசை மிகத் தொன்மையானது. போர்க்களிற்றின் இரு மருங்கிலும் மாறி மாறி ஒலித்த மணிகளையும், மாலைப்பொழுதில் மனை திரும்பும் ஆநிரையின் கழுத்துமணிகளையும் சங்கப் புலவர்கள் பாடியுள்ளனர். பத்துப்பாட்டின் முதற்கண் நிற்கும் திருமுருகாற்றுப்படையில், முருகப்பெருமானின் பன்னிரு திருக்கரங்கள் ஆற்றும் தொழில்களை நக்கீரர் ஒவ்வொன்றாகக் கூறுகின்றார். அவற்றுள் ஒரு திருக்கரம் மணியை ஒலிப்பிக்கின்றது. வழிபடுவோன் கையிலிருக்கும் மணி வழிபடப்படும் பெருமானின் கையிலும் இருக்கின்றது என்பது எண்ணி எண்ணி மகிழத்தக்கது.

மணிக்கு அரசியலிலும் ஓர் உயர்ந்த இடம் இருந்தது. குறையுற்றவர் எவராயினும் வந்து அசைத்தற்பொருட்டு அரண்மனை வாயிலிற் கட்டப்பட்டது ஆராய்ச்சி மணி. திருவாரூரில் அரசு வீற்றிருந்த மனுநீதிச் சோழனின் மைந்தன் ஏறிச் சென்ற தேர்க்காலில் ஓர் ஆன்கன்று அகப்பட்டு மடிய, தாய்ப்பசு வந்து அம்மணியை அசைத்த வரலாற்றைச் சேக்கிழார் பெருமான் பெரியபுராணத்தில் விரித்துரைக்கின்றார். அதற்கு முன்னரே, பாண்டியன் அவையில் நின்ற கண்ணகி தன் நாட்டின் பெருமையைக் கூறுமிடத்து, இம்மணியையும் பசுவையும் எடுத்துரைப்பதாக இளங்கோவடிகள் சிலப்பதிகாரத்தில் அமைத்துள்ளார்.

கடல் கடந்த ஈழத்திலும் இதனை ஒத்த வரலாறு வழங்குகின்றது. சோழநாட்டிலிருந்து சென்று அநுராதபுரத்தில் 44 ஆண்டுகள் ஆட்சி புரிந்த எல்லாளன் என்னும் தமிழ் மன்னன், நீண்ட கயிற்றுடன் கூடிய மணி ஒன்றைத் தன் படுக்கையின் தலைமாட்டில் தொங்கவிட்டிருந்தான் என மகாவம்சம் கூறுகின்றது. மாற்றாராய் இருந்தும் அந்நூலாசிரியர் அவனது நடுநிலைமையைப் போற்றத் தவறவில்லை. கன்றை இழந்த பசுவேயன்றி, குஞ்சைப் பாம்புக்குப் பறிகொடுத்த பறவையும், காலமல்லாக் காலத்துப் பெய்த மழையினால் உலர்த்திய அரிசியை இழந்த மூதாட்டியும் அம்மணியை அசைத்தனராம். மழைக்கு மன்னன் என் செய்வான் என்று அவன் தட்டிக் கழிக்கவில்லை. மழை உரிய காலத்திலேயே பெய்யவேண்டும் என்று நோன்பு கிடந்தான் என்று அந்நூல் கூறும்.

இவ்வரலாறுகளில் ஒரு கருத்து ஊடுருவி நிற்கின்றது. மணியைக் கட்டியவன், அதன் ஓசை கேட்டால் எழுந்து வருவேன் என்று வாக்களித்தவன் ஆகின்றான். உறக்கத்திலும் விருந்திலும் இன்பத்திலும் அவ்வாக்கு அவனைக் கட்டுப்படுத்துகின்றது. மனுநீதிச் சோழன் தன் ஒரே மைந்தனையும் அவ்வாக்கிற்காகக் கொடுக்கத் துணிந்தான். மணியோசை ஓர் அழைப்பு. அவ்வழைப்பிற்கு விடையளிப்பது கேட்பவனது கடன்.

திருக்கோயில் மணியும் இக்கருத்தின்பாற்பட்டதே. நைவேத்திய காலத்தில் கண்டாமணி ஒலிக்கக் கேட்டுப் பின்னரே உணவு கொள்ளும் வழக்கம் நம் நாட்டிற் பல ஊர்களில் இருந்தது. 1623 முதல் 1659 வரை மதுரையை ஆண்ட திருமலை நாயக்கர், ஸ்ரீவில்லிபுத்தூர் ஆண்டாள் சந்நிதியில் பூசை நிறைவுற்ற செய்தி அறிந்த பின்னரே உணவருந்தினார் என்றும், அதன்பொருட்டு ஏறக்குறைய 75 கிலோமீட்டர் வழியில் மணிமண்டபங்கள் அமைத்து ஒரு மணியின் ஓசை கேட்டு அடுத்த மணியை ஒலிக்கச் செய்தார் என்றும் செவிவழி வரலாறு வழங்கும். பாஞ்சாலங்குறிச்சியில் இருந்த வீரபாண்டிய கட்டபொம்மனும் திருச்செந்தூர்ச் செந்திலாண்டவன் சந்நிதியிலிருந்து இவ்வாறே மணியோசை வந்து சேரும்வரை உண்ணாதிருப்பான் என்று தென்பாண்டி நாட்டு மக்கள் வழிவழியாகக் கூறி வருகின்றனர். 1799-ஆம் ஆண்டு கயத்தாற்றில் அவன் உயிர் துறந்த பின்னரும் அந்தப் பக்தியின் நினைவு மறையவில்லை.

அரசர்க்கு மணிமண்டபம் அமைத்தல் இயலும். குடிமக்களுக்கு அது இயலுமோ? கோயில் மணியின் ஓசை எட்டாத தொலைவில் குடியேறியவர்களுக்கு இல்லத்துக் கைமணியே அந்தக் கண்டாமணி ஆயிற்று என்று கொள்ளலாம். இந்நாளில் பலர் பிழைப்பின்பொருட்டுப் பிறந்த ஊரைவிட்டுப் பெருநகரங்களிலும் அயல்நாடுகளிலும் வாழ்கின்றனர். குலதெய்வத்தின் கோயிலை ஆண்டிற்கொருமுறை காண்பதும் அவர்களுக்கு அரிதாகின்றது. அத்தகையோர் இல்லத்தில் காலையும் மாலையும் ஒலிக்கும் சிறுமணி, ஊர்க்கோயிலுக்கும் அவ்வில்லத்திற்கும் இடையே நிற்கும் ஒரு மணிமண்டபம் எனலாம்.

மணியின் பெருமைக்கு வைணவ உலகில் மற்றொரு சான்று உண்டு. காஞ்சிபுரத்தை அடுத்த தூப்புல் என்னும் திருத்தலத்தில் 1268-ஆம் ஆண்டு அவதரித்தவர் ஸ்ரீ வேதாந்த தேசிகர். அவருடைய அன்னையார் தோதாரம்பையின் கனவில் திருவேங்கடமுடையான் தம் திருக்கோயில் மணியை அளித்தருள, அம்மணியே தேசிகராய் அவதரித்தது என்பது குருபரம்பரை வழங்கும் வரலாறு. தாம் மணியின் அம்சம் என்பதைத் தேசிகர் தாமே சங்கல்ப சூர்யோதயம் என்னும் வடமொழி நாடகத்திற் குறித்துள்ளார். இதனாலேயே திருமலையில் கருவறையினுள் கைமணி ஒலிப்பதில்லை என்றும், வெளியே திருமாமணி மண்டபத்துப் பெருமணிகளே நைவேத்திய காலத்தில் ஒலிக்கின்றன என்றும் பெரியோர் கூறுவர். ஆசாரியன் உலகினரை இறைவன்பால் அழைப்பவன். மணியின் தொழிலும் அதுவே. ஆதலின் மணி ஆசாரியனாயிற்று என்பது மிகப் பொருத்தமே.

இத்தகைய மணியை இல்லத்திற்குத் தேரும்போது கண்ணைவிடச் செவிக்கே முதலிடம் அளித்தல் வேண்டும். கடையிற் பளபளப்பாய்த் தோன்றுவன எல்லாம் நல்ல மணிகள் ஆகா. மணிக்கு உரிய உலோகம் வெண்கலம். நூற்றுக்கு ஏறக்குறைய 78 பங்கு செம்பும் 22 பங்கு வெள்ளீயமும் சேர்ந்த கலவையே மணிக்குச் சிறந்ததென நெடுங்கால அனுபவத்தால் அறியப்பட்டுள்ளது. வெள்ளீயம் இவ்வளவு சேர்வதாலேயே ஓசை தெளிவாகவும் நீண்டும் நிற்கின்றது. ஆயினும் அதனாலேயே உலோகம் நொறுங்கும் தன்மையும் அடைகின்றது; கைதவறிக் கல்தரையில் விழுந்தால் விரிசல் காணும். செம்பும் துத்தநாகமும் கலந்த பித்தளை மணி விழுந்தாலும் எளிதில் உடையாது. ஆனால் அதன் நாதம் பெரும்பாலும் விரைவில் அடங்கிவிடும்.

வார்க்கும் முறையிலும் நுட்பம் உண்டு. களிமண்ணாலாகிய உட்கருவின்மேல் மெழுகினால் மணியின் உருவை அமைத்து, அதன்மேல் வண்டல் மண் பூசி நிழலில் உலர்த்திப் பின் சூடாக்குவர். மெழுகு உருகி வெளியேறிய வெற்றிடத்தில் உருகிய உலோகத்தை வார்ப்பர். ஆறிய பின் மண்ணை உடைத்து மணியை எடுத்து அராவி மெருகிடுவர். சுவாமிமலைச் சிற்பிகள் திருமேனிகள் வார்க்கும் முறையும் இத்தகையதே. மண் அச்சில் வார்ப்பதும் உண்டு. கும்பகோணத்தை அடுத்த நாச்சியார்கோயில் குத்துவிளக்கிற்கும் பூசைப் பொருள்களுக்கும் பெயர் பெற்றது. நாமக்கல்லில் வார்க்கப்பட்ட மணிகள் அயோத்தி ஸ்ரீராமர் திருக்கோயில்வரை சென்றுள்ளன.

மணியைத் தேர்பவர் அதன் கைப்பிடியைப் பிடித்து ஒரே ஒருமுறை அசைத்துக் கண்மூடிக் கேட்டல் வேண்டும். ஓசை தொடங்கிய பின் நடுங்காமல், கரகரப்பின்றி, மெல்ல மெல்லத் தேய்ந்து அடங்குமாயின் அது நல்ல மணி. விரிசல் உள்ள மணி உடைந்த ஓட்டினைப் போல ஒலிக்கும். விளிம்பு எங்கும் ஒரே கனமுடையதா என்று விரலால் தடவிப் பார்த்தலும், உள்ளிருக்கும் நா இரு பக்கமும் தடையின்றி விளிம்பிற் படுகின்றதா என்று நோக்குதலும் நலம். சிறிய அறைக்குப் பெருமணி ஆகாது. இல்லத்து முதியோரும் சிறுவரும் இடக்கையால் எளிதில் தூக்கி அசைக்கத்தக்க எடையே போதுமானது. தீபாராதனை வலக்கையால் நிகழும்போது மணியை இடக்கை ஒலித்தல் வேண்டுமன்றோ? கைப்பிடியின் உச்சியில் சைவர் நந்தியையும் சூலத்தையும், வைணவர் கருடனையும் ஆஞ்சநேயரையும் சங்கு சக்கரத்தையும் அமைத்துக்கொள்வர். அவரவர் குலமரபிற்கு ஏற்றதைக் கொள்ளுதல் முறை. முன்னோர் பயன்படுத்திய மணி இல்லத்தில் இருந்து, அதன் ஓசையும் பழுதுபடாதிருப்பின், புதியது தேட வேண்டுவதில்லை.

புதிய மணியை வழிபாட்டிற் சேர்க்குமுன் அதனைத் தூய்மை செய்தல் வேண்டும். புளியும் தூய மண்ணும் கொண்டு துலக்கி, நன்னீரால் நீராட்டித் துடைத்து, நல்ல நாளில் ஊர்த் திருக்கோயிலுக்கு எடுத்துச் சென்று அருச்சகரிடம் அளித்து, இறைவன் திருவடியில் வைத்துப் பெற்று வருதல் பலர் கைக்கொள்ளும் வழக்கம். இல்லத்தில் அதனை வெறுந்தரையில் வையாது தட்டில் வைத்து, சந்தனமும் குங்குமமும் இட்டு, மலர் சாத்தி வணங்குவர். இதுவே கண்டா பூஜை எனப்படுவது. தேவர்கள் வருக, தீயன அகல்க என்னும் பொருளுடைய மந்திரத்தைச் சொல்லி முதன்முறை மணியை ஒலிப்பர். இது ஒருநாட் சடங்குமட்டும் அன்று. முறைப்படி பூசை செய்வோர் நாள்தோறும் கலச பூசையுடன் மணிக்கும் பூசை செய்த பின்னரே மூர்த்தி வழிபாட்டைத் தொடங்குவர். ஆவாஹனம், தூபம், தீபம், நைவேத்தியம், கர்ப்பூர ஆரத்தி ஆகிய காலங்களில் மணி ஒலித்தல் மரபு.

மந்திரம் அறியாதோர் மனம் தளர வேண்டுவதில்லை. மனத்தினாலேயே கோயில் எடுத்த பூசலார் நாயனாரின் குடமுழுக்கிற்கு, காடவர் கோமான் கட்டிய கற்றளியையும் விட்டு இறைவன் எழுந்தருளினான். அன்புடன் ஒலிப்பிக்கும் மணிக்கு அவன் செவி சாய்க்காதிருப்பானோ?

மணியை அளிப்போர் அதிற் பெயர் பொறித்தல் பழைய வழக்கம். அவ்வாறு தமிழெழுத்துப் பொறித்த வெண்கல மணி ஒன்று நெடுந்தொலைவு சென்ற வரலாறு வியப்பிற்குரியது. 1836-ஆம் ஆண்டளவில், நியூசிலாந்துத் தீவில் வில்லியம் கொலென்சோ என்னும் பாதிரியார் மாவோரி மக்களிடம் ஒரு மணியின் மேற்பகுதியைக் கண்டார். அவர்கள் அதனை உருளைக்கிழங்கு வேகவைக்கும் பாத்திரமாகப் பயன்படுத்தி வந்தனர். அது ஒரு தமிழ் முஸ்லிம் பெருமகனின் கப்பலுக்குரிய மணி என்று அதன்மேலுள்ள எழுத்துகள் தெரிவிக்கின்றன. இப்போது அது வெல்லிங்டன் நகரத்து அருங்காட்சியகத்தில் உள்ளது. கப்பலும் மறைந்தது, மாலுமிகளும் மறைந்தனர், பெயர்மட்டும் நின்றது. நாவும் விளிம்பும் இழந்து ஒலியற்றபோது மணியும் வெறுங்கலமாயிற்று.

இல்லங்களுக்கும் இதிற் படிப்பினை உண்டு. விலையுயர்ந்த மணியை வாங்கிக் கண்ணாடிப் பேழையில் அழகிற்காக வைத்து ஒலியாது விடுவோமாயின், அதற்கும் அடுக்களைக் கலத்திற்கும் வேற்றுமை யாது? மணியின் உயிர் அதன் நாவில் உள்ளது. அந்நா அசைவது அன்பரின் கையால். தீபம் ஏற்றி மணியை அசைக்கும் இல்லத்தில், கணப்பொழுதேனும் வீண்பேச்சு அடங்குகின்றது. குழந்தைகள் ஓடிவந்து கைகூப்புகின்றனர். பிணியுற்றுப் படுக்கையில் இருப்பவரும் அவ்வோசை கேட்டுத் தலைமேற் கைகுவிக்கின்றனர்.

மணியை ஒலிப்பவர் இறைவனை அழைக்கின்றார். வாயில் மணி கேட்டு எழுந்த சோழனைப்போல அவனும் எழுந்தருள்வான் என்பது நம் நம்பிக்கை. அதனோடு, அழைத்தவரும் அவ்விடத்தில் இருத்தல் வேண்டும் அன்றோ? மணியை ஒலித்துவிட்டு மனத்தை வேறிடம் போக்குதல், விருந்தினரை அழைத்துவிட்டு வாயிலைத் தாழிடுவதை ஒக்கும். ஆகவே இல்லத்திற்கு மணி தேர்பவர், நாள்தோறும் இரு வேளை அவ்வோசைக்கு விடையளிப்பேன் என்னும் உறுதியையும் உடன் தேர்ந்துகொள்கின்றார். அவ்வுறுதியே அம்மணிக்குச் செய்யும் நிறைவான கும்பாபிஷேகம்.

திருக்கோயிலில் கண்டாமணி ஓங்குக! இல்லங்கள்தோறும் சிறுமணி அதற்கு எதிரொலி தருக! எங்கும் திருவருள் பெருகுக!