திரும்பக் கேட்கப்பட்ட துப்பாக்கிகள்

1945 டிசம்பர் 1ஆம் தேதி மலாயா மக்கள் ஜப்பானிய எதிர்ப்பு ராணுவம் அதிகாரபூர்வமாகக் கலைக்கப்பட்டது. ஆயுதத்தை ஒப்படைத்துவிட்டு வீட்டுக்குப் போகும் ஒவ்வொரு வீரருக்கும் பிரிட்டிஷ் நிர்வாகம் 350 வெள்ளி கொடுத்தது. இது எவ்வளவு பெரிய தொகை என்று புரிந்துகொள்ள ஒரு கணக்குப் போடலாம். 1941இல் கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் வேலைநிறுத்தம் வெடித்தபோது, ஆண் தொழிலாளியின் நாள்கூலி 50 காசு. அதை 60 காசாக்க வேண்டும் என்பது முக்கியக் கோரிக்கைகளில் ஒன்று. அந்தக் கூலியில் 350 வெள்ளி என்பது 700 நாள் பால்வெட்டு. போருக்குப் பின் விலைவாசி எகிறிவிட்டது, உண்மைதான். ஆனாலும் ஒரு துப்பாக்கியைத் திரும்ப வாங்க அரசாங்கம் எவ்வளவு தூரம் இறங்கி வந்தது என்பதை இந்த எண் காட்டிவிடுகிறது.

நான் படித்தது இயந்திரவியல். வேலை பார்ப்பது செனாவாங்கில் ஒரு தொழிற்சாலையின் தரக்கட்டுப்பாட்டுப் பிரிவில். விற்ற பொருளில் பழுது இருப்பது தெரிந்து அதைத் திரும்பப் பெறுவதை எங்கள் தொழிலில் ‘ரீகால்’ என்போம். அந்தப் பழக்கத்தில்தான் 1945ஆம் ஆண்டு நிகழ்வையும் வாசித்தேன். ரீகால் நடக்கும்போது மேலதிகாரி கேட்கும் முதல் கேள்வி ஒன்றே ஒன்று: “எத்தனை வெளியே போச்சு, எத்தனை உள்ளே வந்துச்சு?”

சுமார் 6,800 போராளிகள் கலைந்துபோனார்கள். 5,497 ஆயுதங்கள் வந்து சேர்ந்தன. 136ஆம் படைப்பிரிவு விமானத்திலிருந்து போட்ட ஆயுதங்களின் எண்ணிக்கையைவிட இது அதிகம். அதாவது நூறு சதவீதத்துக்கும் மேலே. எங்கள் தொழிற்சாலையில் இப்படி ஓர் அறிக்கை வந்தால் கைதட்ட மாட்டோம், பயப்படுவோம். போனதைவிட வந்தது அதிகமென்றால், போனது எவ்வளவு என்பதே நமக்குத் தெரியவில்லை என்றுதான் பொருள். 1942இல் பின்வாங்கிய பிரிட்டிஷ் ராணுவம் வழியெங்கும் போட்டுவிட்டுப் போன துப்பாக்கிகளும் காட்டுக்குள் போயிருந்தன. அவற்றுக்கு யாரிடமும் பட்டியல் இல்லை. நல்ல ஆயுதங்களில் ஒரு பகுதி எண்ணெய் பூசி மண்ணுக்குள் புதைக்கப்பட்டது. இரண்டரை ஆண்டுகள் கழித்து அவை மறுபடி வெளியே வந்தன.

அந்த ராணுவத்தின் இரண்டாம் படைப்பிரிவு நெகிரி செம்பிலானில் இயங்கியது. ஜெலெபு மலைகளிலிருந்து கீழே இறங்கினால் ரப்பர் தோட்டங்கள்தான். லாபு, சிலியாவ், ரந்தாவ், பஹாவ் என்று தோட்டம் தோட்டமாக நம் ஆட்கள் இருந்தார்கள். காட்டுக்கும் லயத்துக்கும் நடுவே இருந்தது சில நிரை ரப்பர் மரம் மட்டுமே. காட்டில் புதைத்த துப்பாக்கியும் துரை பங்களாவில் மாட்டியிருந்த துப்பாக்கியும் குறுக்கே சுட்டுக்கொள்ளும்போது இடையில் பால்வாளியோடு நின்றது யார் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

1948 ஜூன் 16 அன்று பேராக்கின் சுங்கை சிப்புட்டில் மூன்று ஐரோப்பியத் தோட்ட நிர்வாகிகள் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். இரண்டு நாளில் அவசரகாலம் நாடு முழுவதற்கும் விரிந்தது. இந்தப் போருக்கு பிரிட்டிஷ் தரப்பு கொண்டுவந்த ஆயுதங்களில் ஒன்றுக்கு ‘ஜங்கிள் கார்பைன்’ என்று பட்டப்பெயர். உண்மைப் பெயர் லீ-என்ஃபீல்ட் ஐந்தாம் எண் ரைஃபிள். அந்தக் காலத்து மலாயாப் படங்களில் சிப்பாய்களும் போலீஸ்காரர்களும் இதைத் தோளில் மாட்டியிருப்பதைப் பார்க்கலாம். வாய்ப்பகுதி புனல்போல விரிந்திருக்கும். அதைப் பார்த்தே அடையாளம் கண்டுகொள்ளலாம்.

இந்தத் துப்பாக்கியின் கதை ஒரு பொறியாளருக்கு நல்ல பாடம். நான்காம் எண் ரைஃபிள் காட்டுச் சண்டைக்கு நீளம், கனம். எனவே 1944இல் அதைக் குறைத்தார்கள். குழல் 64 சென்டிமீட்டரிலிருந்து 48க்கு வந்தது. எடை ஏறக்குறைய ஒரு கிலோ குறைந்தது. இதற்காக உடற்பகுதியில் இரும்பைச் செதுக்கி எடுத்தார்கள், குழலைச் சீவினார்கள், போல்ட் கைப்பிடியின் குமிழைக்கூடக் குடைந்து உள்ளீடற்றதாக்கினார்கள். தோட்டா மட்டும் அதே பழைய .303. லேசான உடம்பில் அதே உதை. தோளில் பதிய வைத்த ரப்பர் பட்டை குறுகலாக இருந்ததால் வலி இன்னும் கூடியது.

பிறகு அந்தப் புகார் வந்தது. துப்பாக்கியைச் சுட்டுப் பார்த்து, குறிபார்க்கும் பகுதியைச் சரிசெய்து, குறிவைத்த இடத்தில் குண்டு விழும்படி செய்வதைப் ‘பூஜ்யம் வைப்பது’ என்பார்கள். ஒருமுறை வைத்தால் அது நிற்க வேண்டும். ஐந்தாம் எண் ரைஃபிளில் நிற்கவில்லை. இன்று சரியாக விழும் குண்டு இன்னொரு நாள் தள்ளி விழுந்தது. ‘அலையும் பூஜ்யம்’ என்று அதற்குப் பெயர் வந்தது. மாற்றங்கள் செய்து பார்த்தார்கள், தீரவில்லை. செதுக்கிய இரும்புதான் காரணம் என்றார்கள் பலர். தானியங்கி ரைஃபிளுக்கு மாற நினைத்த ராணுவத்துக்கு இது வசதியான சாக்கு என்று சொல்பவர்கள் இன்றும் உண்டு. எப்படியோ, 1947இல் அது வழக்கொழியப் போகும் ஆயுதமாக அறிவிக்கப்பட்டது. ஃபஸாக்கர்லி, ஷெர்லி ஆகிய இரண்டு ஆலைகளிலும் சேர்த்துச் சுமார் 250,000 துப்பாக்கிகளோடு உற்பத்தி நின்றது.

இந்த இடத்தில் ஆண்டைக் கவனிக்க வேண்டும். உற்பத்தி நின்றது 1947இல். மலாயாவில் போர் தொடங்கியது 1948இல். பூஜ்யம் அலைகிறது என்று அதை வைத்திருந்த ராணுவமே ஏற்றுக்கொண்ட துப்பாக்கி, அதன் பிறகும் பல ஆண்டுகள் நம் தோட்டத்து வேலிகளைச் சுற்றி நடந்தது. திரும்பப் பெறவில்லை. ஆலையில் நிறுத்தினார்கள், காலனியில் பயன்படுத்தினார்கள். குறி தவறினால் குண்டு எங்கே போகும் என்ற கேள்வியைக் கேட்கும் இடத்தில் தோட்டத் தொழிலாளி இல்லை.

அதே 1948இல் அமெரிக்காவில் இன்னொரு கதை தொடங்கியது. ரெமிங்டன் நிறுவனத்தின் பொறியாளர் மைக் வாக்கர், தான் வடிவமைத்த ரைஃபிள் விசையில் ஒரு பாதுகாப்பு மாற்றத்தைப் பரிந்துரைத்தார். கூடுதல் செலவு துப்பாக்கிக்கு ஐந்தரை சென்ட். நிறுவனம் அதை ஏற்கவில்லை. அந்த விசை 1962இல் வந்த மாடல் 700இலும் தொடர்ந்தது. விசையைத் தொடாமலே துப்பாக்கி வெடித்தது என்ற புகார்களும் வழக்குகளும் பல பத்தாண்டுகளாக வந்தன. துப்பாக்கி பாதுகாப்பானது என்பதுதான் நிறுவனத்தின் நிலைப்பாடு. பின்னாளில் எக்ஸ்-மார்க் ப்ரோ என்ற புது விசைக்கு மாறினார்கள். 2014 ஏப்ரலில் அதையும் திரும்பப் பெற வேண்டி வந்தது. 2006 மே 1 முதல் 2014 ஏப்ரல் 9 வரை தயாரான மாடல் 700, மாடல் செவன் துப்பாக்கிகளை உடனே பயன்படுத்துவதை நிறுத்துங்கள், எங்களுக்கு அனுப்புங்கள், செலவு எங்களுடையது என்றார்கள். காரணம், பொருத்தும்போது ஒட்டுப்பசை அதிகமாகிவிட்டது.

அமெரிக்காவில் பொம்மையையோ மின்விசிறியையோ திரும்பப் பெறச் சொல்லும் நுகர்வோர் பாதுகாப்பு ஆணையத்துக்கு, துப்பாக்கி விஷயத்தில் அந்த அதிகாரம் கிடையாது. நிறுவனம் மனது வைத்தால்தான் உண்டு. பழைய விசைகளுக்கான வழக்கில் ஏறத்தாழ 7.5 மில்லியன் துப்பாக்கிகளுக்கு இலவச மாற்று தருவதாக ஒப்பந்தம் ஆனது. நீதிமன்றம் அதை ஏற்ற காலகட்டத்தில் விண்ணப்பித்த உரிமையாளர்கள் ஒரு சதவீதத்தைக்கூட எட்டவில்லை. எனக்கு இது வியப்பில்லை. நம் வீட்டில் காருக்குக் காற்றுப்பை மாற்றச் சொல்லிக் கடிதம் வந்தால்கூட, “ஓடுதுல்ல, அப்புறம் பாத்துக்கலாம்” என்றுதான் வைத்துவிடுகிறோம். கையில் இருக்கும் பொருள் மேல் மனிதனுக்கு இருக்கும் நம்பிக்கை, கடிதத்தின் மேல் வருவதில்லை.

ஆனால் அந்தக் கடிதத்துக்குள் ஒரு மரியாதை இருக்கிறது. ‘இது உங்களுடைய பொருள், உங்கள் உயிர் எங்களுக்கு முக்கியம், கொண்டுவந்து கொடுத்தால் உங்களை ஒன்றும் செய்ய மாட்டோம்’ என்பதுதான் எந்த ரீகாலின் அடிப்படையும். கொண்டுவருபவன் குற்றவாளி இல்லை. 1945இல் பிரிட்டிஷாரும் இதே மரியாதையோடுதான் கேட்டார்கள், கையில் 350 வெள்ளியோடு.

1949இல் அந்த மரியாதை போய்விட்டது. அவசரகாலச் சட்டத்தின் கீழ் அனுமதியின்றி ஆயுதம் வைத்திருந்தால் மரண தண்டனை. அந்த ஆண்டு மார்ச்சில் சிலாங்கூரின் ரவாங் அருகே ஒரு தோட்டத்தில் எஸ். ஏ. கணபதி கைதானார். அகில மலாயா தொழிற்சங்க சம்மேளனத்தின் தலைவராக இருந்தவர், அதற்கு முன் இந்திய தேசிய ராணுவத்தில் இருந்தவர். கையில் ஒரு கைத்துப்பாக்கி, ஆறு தோட்டா. அதைக் கண்டெடுத்ததாகவும் போலீஸிடம் ஒப்படைக்கப் போய்க்கொண்டிருந்ததாகவும் அவர் நீதிமன்றத்தில் சொன்னார். நீதிமன்றம் நம்பவில்லை. நேருவின் அரசு கருணை கேட்டது. 1949 மே 4 அன்று புடு சிறையில் தூக்கிலிட்டார்கள்.

அவர் சொன்னது உண்மையா என்பதில் இன்றும் இரண்டு தரப்பு உண்டு. தலைமறைவாக இருந்த தொழிற்சங்கத் தலைவர் கையில் துப்பாக்கி எதற்கு என்று கேட்பவர்களின் கேள்வியும் நியாயமானதுதான். எனக்கு உறுத்துவது வேறு. “திருப்பிக் கொடுக்கப் போகிறேன்” என்ற அதே வாக்கியத்துக்கு மூன்றரை ஆண்டு முன்னால் பரிசுத்தொகை இருந்தது. இப்போது அது எடுபடாத வாதம். அந்தச் சூழலில் காட்டோரம் பால்வெட்டும் ஒருவர், மரத்தடியில் துருப்பிடித்த துப்பாக்கி ஒன்றைப் பார்த்திருந்தால் என்ன செய்திருப்பார்? எடுத்துப் போய்க் கொடுத்திருப்பாரா? பார்க்காததுபோல அடுத்த மரத்துக்குப் போயிருப்பார். திரும்பக் கொண்டுவருபவனுக்குப் பாதுகாப்பு இல்லாத இடத்தில் எந்த ரீகாலும் வேலை செய்யாது. தொழிற்சாலையில் பழுதைச் சொன்ன தொழிலாளியை முதலில் திட்டினால், அடுத்த பழுதை யாரும் சொல்ல மாட்டார்கள். இதுவும் அதுதான்.

எங்கள் பாட்டி அந்தக் காலத்தைப் பற்றிப் பேசும்போது துப்பாக்கியைவிடச் சோற்றைத்தான் அதிகம் சொல்வார். லயத்தைச் சுற்றி முள்கம்பி. விடியற்காலை பிரட்டு முடிந்து வேலிவாசலில் சோதனை. காட்டுக்காரர்களுக்குப் போய்விடும் என்று வெட்டுக்குப் போகிறவர்கள் சோறு கொண்டுபோகத் தடை. “வெறும் வயித்தோட வெட்டிட்டு வந்து மத்தியானம் சாப்பிடணும். வாசல்ல நிக்கிறவன் மடியெல்லாம் தடவிப் பாப்பான். தோள்ல துப்பாக்கி தொங்கும். அது வெடிக்குமா வெடிக்காதான்னு யாரு கேட்டா? பயம் ஒன்னுதான்.”

பாட்டிக்கு அந்தத் துப்பாக்கியின் எண் ஐந்தா நான்கா என்று தெரியாது. அதன் பூஜ்யம் அலைகிறது என்று அவரிடம் யாரும் சொல்லவும் இல்லை. எச்சரிக்கை, வாங்கியவனுக்குத்தான் போகும். குழலின் மறுபக்கம் நிற்பவருக்கு எந்த ஆலையும் கடிதம் எழுதுவதில்லை.

1960 ஜூலை 31 அன்று அவசரகாலம் முடிந்தது. அதே ஆண்டு வந்த ஆயுதச் சட்டமும் உள்நாட்டுப் பாதுகாப்புச் சட்டமும் துப்பாக்கியை உரிமத்துக்குள்ளும் தண்டனைக்குள்ளும் வைத்தன. ஐந்தாம் எண் ரைஃபிள் இன்று சேகரிப்பாளர்கள் விலை கொடுத்து வாங்கும் பொருள். பூஜ்யம் உண்மையிலேயே அலைகிறதா என்று சுட்டுப் பார்த்து வாதிடுகிறார்கள். அந்த வாதத்தை நானும் ஆர்வமாக வாசிக்கிறேன். ஆனால் அந்தச் சோதனைக்கு வேண்டிய ஒரு தகவல் அவர்களிடம் இல்லை. அது லாபுவிலும் பஹாவிலும் இன்னும் உயிரோடிருக்கும் எண்பது தொண்ணூறு வயதுக்காரர்களிடம் இருக்கிறது. எந்தத் திசையில் சுட்டார்கள், குண்டு எங்கே வந்து விழுந்தது, யார் வீட்டுத் தகரத்தில் ஓட்டை இருந்தது என்று அவர்களுக்குத் தெரியும். லயங்கள் இடிந்து வீடமைப்புத் திட்டங்கள் எழும்பிக்கொண்டிருக்கின்றன. தகரங்கள் போய்விட்டன. கேட்க வேண்டியவர்களை இந்த ஆண்டே போய்க் கேட்டுவிட வேண்டும்.