செட்டிநாட்டுக் கதவுகளும் உணவு மேசைகளும்

செட்டிநாட்டு நகரத்தார் 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியிலிருந்து பர்மாவில் வட்டித்தொழில் செய்து செல்வம் ஈட்டினர். அங்கிருந்து கப்பலில் வந்த தேக்கு மரம் அவர்களின் வீடுகளில் தூண்களாகவும் வேலைப்பாடு மிக்க கதவுகளாகவும் அமைந்தது. அவ்வீடுகளில் விருந்தினர் தரையில் பந்தியாக அமர்ந்து வாழையிலையில் உண்டனர்.

1942இல் ஜப்பான் பர்மாவைக் கைப்பற்றியபோது தொழில் முடங்கியது. பிற்காலத்தில், பராமரிக்க இயலாமலும் பாகப்பிரிவினையாலும் பல வீடுகள் இடிக்கப்பட்டன. அவற்றின் மரப்பொருட்கள் காரைக்குடி முனீசுவரன் கோவில் தெருவிலுள்ள பழம்பொருள் கடைகளுக்கு விற்பனைக்கு வந்தன.

இத்தகைய பழங்கதவுகள் இன்று கால்கள் பொருத்தி, மேலே கண்ணாடி இட்டு, உணவு மேசைகளாக மாற்றப்படுகின்றன. இதனால் மரம் அழியாமல் தப்புகிறது. ஆனால் எந்த ஊர், எந்த வீட்டுக் கதவு என்ற குறிப்பு இல்லையெனில் அதன் வரலாறு மறைந்துவிடும். வாங்குவோர் அதனைக் கேட்டு எழுதி வைத்தல் நன்று.