திருவனந்தபுரத்து நிலவறைகள்

மலையிலிருந்து இறங்கிக் கடலைச் சேரும் குறுகிய பூமியில், சிறு குன்றுகளும் அவற்றினிடையே வயல்களாய்க் கிடந்த பள்ளங்களுமாக அமைந்து, இடவப்பாதி, துலாவருஷம் என்ற இரண்டு மழைக்காலங்களையும் ஆண்டு தவறாமல் ஏற்று, ஏறக்குறைய 1,800 மில்லிமீட்டர் மழையைத் தாங்கி நிற்கும் திருவனந்தபுரத்தில், வீட்டுக்கு அடியிலே ஓர் அறையைத் தோண்டி அதனுள் செல்வத்தை வைத்துக் காப்பது எளிய காரியமாக இருந்திருக்க முடியாது. ஆயினும் திருவிதாங்கூரின் பழைய கூட்டுக் குடும்ப வீடுகளாகிய தறவாடுகளில் வசதி படைத்த வீடு என்றால் நெல்லறை உண்டு. நெல்லறைக்குக் கீழே நிலவறையும் உண்டு. தாரும் சிமெண்டும் அறியாத அக்காலத்துக் கொத்தர்களும் ஆசாரிகளும் அந்த அறையை எவ்விதம் உலர்வாக வைத்திருந்தார்கள் என்ற கேள்வி, இந்நகரத்தின் சரித்திரத்தை வேறொரு வாசல் வழியாகப் பார்க்க உதவுகிறது.

நெல்லறை பலாவிலும் அயினியிலும் தேக்கிலும் இழைத்த பலகைகளையே சுவராகக் கொண்டு, மண்ணின் ஈரம் எட்டாத உயரத்தில் நிற்கும். அதன் தளப்பலகையைத் தூக்கினால் நிலவறையின் வாய் தெரியும். அது பாதாளம்வரை செல்வதாகக் கதைகள் சொல்லும்; ஆனால் அது பெரும்பாலும் வீட்டின் உயர்ந்த அடித்தளத்துக்குள்ளேயே அடங்கி, முற்றத்து மட்டத்துக்குக் கீழே சிறிதே இறங்கிய அறைதான். எந்தப் பொருள் எவ்வளவு ஓதத்தைத் தாங்கும் என்று அறிந்து பொருளுக்கு இடம் வகுத்தார்கள் என்பதே இதில் எனக்குப் பெரிதாகப் படுகிறது. பொன்னும் வெண்கலமும் ஊறுகாய்ப் பரணிகளும் கீழே போயின. ஈரம் பட்டால் முளைத்துவிடும் நெல் பலகைத் தளத்தின்மேல் ஏறிற்று. எல்லாவற்றிலும் மென்மையான ஓலைச்சுவடிகள் அடுக்களைப் புகை படும் பரணைச் சேர்ந்தன.

நிலவறையின் சுவர் வெட்டுக்கல்லால் ஆனது. 1807இல் வெளிவந்த தம் யாத்திரை நூலில் பிரான்சிஸ் புக்கானன், மலபாரின் அங்காடிப்புறத்தில் இந்தக் கல்லைக் கண்டு, பூமிக்குள் இருக்கையில் இரும்புக் கருவிக்கு இணங்குவதும், வெட்டியெடுத்துக் காற்றில் வைத்ததும் செங்கல்லைப்போல இறுகிவிடுவதுமான அதன் ஸ்வபாவத்தை வியப்புடன் விவரித்திருக்கிறார். வலிமை மிக்கதானாலும் அது துளைகள் நிறைந்த கல். அஸ்திவாரத்தில் நிற்கும் நீரை அத்துளைகள் உறிஞ்சி மேலே ஏற்றும். ஏறும் நீர் மண்ணின் உப்பையும் கூடவே கொண்டுவரும். நீர் காற்றில் உலர்ந்துபோனபின் அந்த உப்பு பூத்துக் காரையைப் பொரியச் செய்யும். இதை அறிந்திருந்த கொத்தர்கள், நீரை எளிதில் ஏறவிடாத கருங்கல்லை அடியில் பரப்பி, அதன்மேல் வெட்டுக்கல்லை எழுப்பி, கிளிஞ்சலைச் சுட்டு நீற்றிய சுண்ணாம்போடு கடுக்காய் ஊறிய நீரும் வெல்லமும் சேர்த்து அரைத்த காரையை அதற்குப் பூசினார்கள். சுண்ணாம்புக் காரை நீரை அடியோடு தடுப்பதில்லை. சுவருக்குள் புகுந்த ஈரத்தை அது மெல்ல மெல்ல வெளியே விட்டுவிடும். நம் நாளில் ஓதம் ஏறிய பழைய சுவருக்குச் சிமெண்டு பூசுகிறவர்கள், வெளியேற வழி தேடும் ஈரத்தை உள்ளேயே அடைத்து, அது இன்னும் உயரத்தில் போய் வெளிப்படும்படி செய்துவிடுகிறார்கள். பழைய வீடுகளின்பால் பற்றுள்ளவர்கள் பலர் நல்லெண்ணத்தோடேயே இதைச் செய்வதைக் காணும்போது மனம் வருந்துகிறது.

ஆனால் சுவரைப்பற்றி இவ்வளவு சொன்னபிறகும், நிலவறையின் உலர்ச்சி நிலவறைக்குள்ளே சம்பாதிக்கப்பட்டதல்ல என்றே சொல்லவேண்டும். அது கூரையிலும் முற்றத்திலும் தொடங்கியது. செங்குத்தான கூரையின் இறவாரம் சுவரைக் கடந்து வெகுதூரம் நீண்டு, மழைத்தாரையை அஸ்திவாரத்துக்கு அப்பால் விழச்செய்தது. வெளிமுற்றத்து மணல் வீட்டினின்று விலகிச் சரிந்து கிடந்தது. முற்றத்தைச் சுற்றி நான்கு கட்டுகளாக அமைந்த நாலுகெட்டு வீட்டின் நடுமுற்றத்தில் நான்கு கூரைகளிலிருந்தும் கொட்டும் நீர், கல்லில் குடைந்த ஓவு என்ற வடிகால் வழியாக வீட்டின் அடியிலேயே ஓடி வெளியே சென்றது. அந்த ஓவு ஒரு மழைக்காலம் அடைபட்டுக் கிடந்தால் போதும், எத்தகைய காரையும் நிலவறையைக் காக்காது. மனை தேர்வதையும் நிலத்தின் சரிவையும் அடித்தளத்தின் அமைப்பையும் சுவருக்கும் கூரைக்கும் முன்னதாக எடுத்துப் பேசுவது நம் வாஸ்து நூல்களின் மரபு. திருமங்கலத்து நீலகண்டன் மூசது இயற்றிய மனுஷ்யாலய சந்திரிகையை, மனிதர் வாழும் வீட்டுக்கென்றே எழுந்த அந்த மலையாள நாட்டு சமஸ்கிருத நூலை, சடங்கு நூலாக மட்டும் ஒதுக்கிவிடுவோர் அதிலுள்ள நீரறிவைக் காணத் தவறுகிறார்கள்.

இந்நகரத்து நிலவறைகளிலே உலகறிந்தவை ஸ்ரீபத்மநாப சுவாமி கோயிலில் கல்லறைகள் என்று வழங்கும் கருவூல அறைகள். 1686இல் தீக்கிரையான கோயிலைப் பதினெட்டாம் நூற்றாண்டில் புதுப்பித்தவர் திருவிதாங்கூர் மன்னர் மார்த்தாண்ட வர்மா. 1750 ஜனவரியில் ராஜ்யத்தையே பெருமாளுக்குத் திருப்படிதானமாக அர்ப்பணித்தவரும் அவரே. கிழக்கே பத்மதீர்த்தமும் மேற்கே மித்திரானந்தபுரத்துக் குளங்களும் இருக்க, அவற்றினிடையே படியேறிச் செல்லும் மேட்டில் கோயில் நிற்கிறது. அந்த மேடும் கருங்கல்லுமே கல்லறைகளுக்கு முதற்காவல். சுப்ரீம் கோர்ட்டின் உத்தரவின்பேரில் 2011 ஜூன் கடைசியில் ஒரு கல்லறை திறக்கப்பட்டபோது, உள்ளே மரப்பெட்டிகள் உளுத்துச் சிதைந்து, பொற்காசுகளும் ரத்தினங்களும் தளத்தில் சிதறிக் கிடந்ததாக, திறந்து பார்த்தவர்களின் விவரணைகளிலிருந்து அறிகிறோம். பொன் காலத்தை வென்றது, பெட்டி தோற்றது. ஓதத்தால் கெடாததையே கீழே வைக்கவேண்டும் என்ற பழைய விதியின் நியாயம் அந்தக் கல்தளத்தில் கண்கூடாயிற்று. கோயிலின் கணக்குகளையும் காரியங்களையும் சுமந்த மதிலகம் ஓலைச் சுருணைகளோ தரைக்கு மேலேயே பேணப்பட்டு, கோட்டைப் பகுதியிலுள்ள ஆவணக்காப்பகத்தில் இன்றும் வாசிக்கக் கிடைக்கின்றன.

பெருமாளின் திருமேனியும் இங்கே நினைவுக்கு வருகிறது. கண்டகி நதியினின்று வந்த 12,008 சாளக்கிராமங்களை உள்ளடக்கிக் கடுசர்க்கரை யோகம் என்ற கலவையால் ஆன மூலவருக்கு ஜலத்தால் அபிஷேகம் இல்லை. சாத்திய மலர்களை மயிற்பீலியால் மெல்ல விலக்குவார்கள். மழைக்கு நடுவே வாழ்ந்த மக்கள், தாங்கள் போற்றிய யாவற்றிலும் உயர்ந்ததை நீர் தீண்டாதபடி காத்த முறை அது.

கோட்டைக்குள் தமிழ் அந்தணர் குடியேறிய அக்கிரகாரங்களில் நிலைமை வேறு. அங்கே வீடுகள் ஒன்றையொன்று ஒட்டி நிற்க, பொதுச்சுவரின் ஒரு பக்கத்துக் கசிவு மறுபக்கத்தாருக்கும் கசிவாயிற்று. ஆகவே உலர்வு என்பது தெருவார் அனைவரின் பொறுப்பு. அத்தெருக்களின் நீர் போய்ச் சேர்ந்த தெக்கனங்கரைக் கால்வாயும், நகர நடுவில் ஓடும் ஆமயிழஞ்சான் தோடு என்ற ஓடையும் தத்தம் அகலத்தோடு இருந்தவரையில் அப்பொறுப்பு நிறைவேறியது.

1970களின் தொடக்கத்தில் இந்நகரத்தில் பணியைத் தொடங்கி, உள்ளூர் என்ற பகுதியில் வளர்ச்சி ஆய்வு மையத்தின் கட்டடங்களை எழுப்பிய கட்டடக் கலைஞர் லாரி பேக்கர், பழைய தறவாட்டினிடம் பாடம் கேட்டவர். நீண்ட இறவாரத்தையும் பூச்சில்லாத செங்கல்லையும் நிலத்தின் சரிவை வெட்டிச் சமமாக்காத அமைப்பையும் அவர் பிடிவாதமாகக் கைக்கொண்டது, அழகுக்காக மட்டும் அன்று. அவருக்குப்பின் வந்த நகரம் அவ்வழியைப் பெரிதும் பின்பற்றவில்லை. வயலாயிருந்த பள்ளங்களில் அடுக்குமாடிகள் எழுந்து, அவற்றின் அடியில் வண்டிகளுக்கென நிலவறைகள் தோண்டப்பட்டன, மணல் முற்றங்களைச் சிமெண்டுக் கற்கள் மூடின, இறவாரம் சுருங்கிற்று. பழைய நிலவறை உள்ளவர்களும், வெளிக்காற்றே ஈரமாயிருக்கும் இடவத்திலும் மிதுனத்திலும் அதைத் திறந்து வைத்து, குளிர்ந்த சுவரில் அந்த ஈரம் நீராய்ப் படிய இடங்கொடுக்கிறார்கள். மகரமும் கும்பமுமே அதற்கு உகந்த மாதங்கள்.

2015இல் அரசாங்கம் ‘ஆபரேஷன் அனந்தா’ என்ற பெயரில் தம்பானூரையும் கிழக்குக் கோட்டையையும் சூழ்ந்த வடிகால்களைத் திறக்க முற்பட்டபோது, அவற்றின்மேல் கட்டடங்களே நின்றிருப்பதைக் கண்டது. சிலவற்றை அகற்றியும் விட்டது. 2023 அக்டோபர் நடுவில் பெய்த பெருமழையின் நீர் நகரத்தின் தாழ்ந்த பகுதிகளில் மறுபடியும் வீடுகளுக்குள் புகுந்தது. அத்தகைய நாளில் அடித்தளத்து நீரை மோட்டார் வைத்து இறைத்தால், இறைத்த நீரும் அதே தோட்டுக்குத்தான் போகவேண்டும். தோடு நிறைந்திருந்தால் அது தெருவிலே தேங்கி, வண்டி இறங்கும் சரிவு வழியாக மீண்டும் கீழேயே வந்துவிடுகிறது.